நாற்பத்து நான்காவது மனு

சார், அந்தப் பேனாவைக் கொஞ்சம் தர்றீங்களா? ஒரு கையெழுத்துப் போட்டுட்டுத் தந்துர்றேன். என் பேனா பஸ்ஸுலயே ஒழுகி, இங்க பாருங்க, சட்டைப் பையெல்லாம் ஊதாவாப் போச்சு. ஒக்காருங்க, ஒக்காருங்க, இந்த வரிசை இப்போதைக்கு நகராது. உங்க டோக்கன் என்ன, நூத்திப் பன்னெண்டா? நான் நூத்திப் பதினொண்ணு. இப்பத்தான் முப்பத்தெட்டு கூப்பிட்டிருக்காங்க. இருங்க, இந்தப் பையை மடியில வச்சுக்கிறேன். உள்ள டார்ச் லைட்டு இருக்கு, யாராச்சும் மிதிச்சுட்டா வம்பு.

உங்க மனுவைக் காட்டுங்க பாப்போம். பட்டா மாறுதலா? எழுதுனது யாரு, நீங்களா? கோவிச்சுக்காதீங்க சார், இப்படி எழுதுனா ஒரு ஆளும் படிக்க மாட்டாங்க. ‘பொருள்’னு போட்டு ஒரே வரியில விசயத்தைச் சொல்லணும். அதுக்கு அடியில ஸ்கேல் வச்சுக் கோடு போடணும். பத்தி பத்தியாப் பிரிக்கணும். அழுகையெல்லாம் மூணாவது பத்தியிலதான் வரணும். எடுத்த எடுப்புல அழுதா மனுவைத் தூக்கி ஓரமா வச்சிருவாங்க. அடித்தல் திருத்தல் இருக்கவே கூடாது. நான் சும்மா சொல்லல, நாப்பத்தி மூணு மனு கொடுத்தவன். இந்தக் கலெக்டர் ஆபீஸு வாசல்ல நிக்கிற போலீஸ்காரர்ல இருந்து மேல சீல் வைக்கிற அம்மா வரைக்கும் சடையாண்டியத் தெரியும். என் எழுத்தைப் பாத்தாலே ‘லைட்டுக்காரர் வந்துட்டாருடா’ம்பாங்க.

ஆனா இன்னிக்குக் கொண்டாந்த மனு வேற. நாத்துப் பண்ணை வச்சிருக்கான்ல ஜெயக்கொடின்னு ஒருத்தன், உங்களுக்குத் தெரியாது, அவன் மேல. என் மூணு மாசத்தை நாசம் பண்ணிட்டான் சார். என் குடும்பத்தையே பிரிச்சுட்டான். நான் கோவப்படாமச் சொல்றேன், நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் செஞ்சது சரியா தப்பான்னு.

எங்க ஊரு கல்லுமேட்டுப்பட்டி. ஊருக்கு மேக்க ரோட்டை ஒட்டி, வீட்டுக்குப் பக்கத்துலயே, எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர். அதுல முக்கா ஏக்கர் செவ்வந்தி. செவ்வந்தி பூராவும் என் வீட்டுக்காரி மாயக்காவோட பாடு. நடுறது, களையெடுக்கிறது, நுனி கிள்ளுறது, பூ எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்புறது, எல்லாம் அவதான். நான் வெளி வேலையப் பாப்பேன். வெளி வேலைன்னா இதான், ஆபீஸு, மனு, பொதுக்காரியம். வீட்டுக்கு ஒருத்தர் அதையும் பாக்கணும்ல?

ஏழு வருசத்துக்கு முன்னாடி அவளைப் பாம்பு கடிச்சிருச்சு சார். அப்பல்லாம் மோட்டாருக்குக் கரெண்டு விடியறதுக்கு முந்தித்தான் வரும். மோட்டார் போடப் போனவ, கும்மிருட்டு, வரப்புல கெடந்ததை மிதிச்சுட்டா. கண்ணாடிவிரியன். ஒம்போது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. இன்னைக்கும் எடது கணுக்கால் கருத்துத்தான் இருக்கும், மழை வந்தா வீங்கிக்கிரும். நீங்க ஏன் போகலன்னு கேக்குறீங்களா? எனக்கு அன்னிக்குத் தாலுகா ஆபீஸுல ஒரு சோலி, வெள்ளன பஸ்ஸைப் பிடிக்கணும், தூங்கிட்டேன். அது இப்ப விசயம் இல்ல.

விசயம் என்னன்னா, அந்த ஒம்போது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒக்காந்து நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். அவ பொழச்சு வரட்டும், இந்த இருட்டை ஒழிக்காம நான் ஓய மாட்டேன்னு. பொழச்சு வந்தா. வந்து கட்டில்ல ஒக்காந்ததும் என்ன கேட்டா தெரியுமா? ‘ஒரு நல்ல டார்ச் லைட்டா வாங்கிட்டு வாங்க’ன்னா. டார்ச் லைட்டு! நான் ஊருக்கே வெளிச்சம் கொண்டாரணும்னு நெனக்கிறேன், இவ கையில பிடிக்கிறதைக் கேக்குறா. ‘பொறுடி, உனக்குப் பகல் மாதிரி ஆக்கிக் காட்டுறேன்’னேன். மறு திங்கக்கெழமையே மொத மனு.

ஆறரை வருசம் சார். நாப்பத்தி மூணு மனு. நிதி இல்லம்பான், எடம் புறம்போக்கான்னு கேப்பான், ஆளு மாறிருவான், புதுசா வந்தவன் மொதல்ல இருந்து கேப்பான். நான் விடல. இந்த வருசம் ஆவணியிலதான் வந்துச்சு. சும்மா தெரு லைட்டு இல்ல, உயர்கோபுர மின்விளக்கு. ஒசரமான கம்பம், உச்சியில நாலு பக்கமும் நாலு லைட்டு. பொழுது சாஞ்சா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். எங்க வைக்கன்னு கேட்டாங்க. எங்க செவ்வந்திக் காட்டு மூலையை நான்தான் காட்டுனேன். மொத நாள் எரிஞ்சப்போ மாயக்கா முகத்தைத்தான் பாத்தேன். அவ முகத்துல ஒண்ணும் தெரியல. ‘கண்ணு கூசுது’ன்னா, அவ்வளவுதான். சந்தோசத்தை வெளிய காட்டத் தெரியாதவ.

அடியில நான் ஒரு போர்டு வச்சேன். யாரும் வைக்கல சார், நானே ஆளு விட்டு எழுதினேன். ‘இவ்விளக்கு கு. சடையாண்டி அவர்களின் இடைவிடாத மனுக்களால் பெறப்பட்டது.’ மஞ்சப் பெயிண்டு. லைட்டு எரியறப்போ அந்தப் போர்டைப் பாக்கணும் நீங்க!

சரி, செவ்வந்திக்கு வர்றேன். ஆனி மாசம் அந்த ஜெயக்கொடிகிட்டத்தான் நாத்து வாங்கி நட்டோம். எப்பவும் அவன்கிட்டத்தான் வாங்குவோம். செடி வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு வளத்தி! இடுப்பு ஒசரம். எலை கரும்பச்சையா, தொட்டா ஒடியற மாதிரி. ரோட்டுல போறவன் நின்னு பாத்துட்டுப் போவான். புரட்டாசி பொறந்துச்சு, மொட்டு இல்ல. ஆயுதபூசைக்கு மார்க்கெட்டு பூரா ஊர் ஊரா செவ்வந்தி வந்து எறங்குது, எங்க காட்டுல மொட்டு இல்ல. தீவாளி வந்துச்சு, மொட்டு இல்ல. செடி மட்டும் மேல மேல வளருது. கல்யாணமே வேணாம்னு சொல்ற பொண்ணு மாதிரி வளந்துக்கிட்டே இருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க எரிச்சல்!

நான் பண்ணாதது இல்ல சார். யூரியா போட்டேன். யூரியாதான் அதிகமாப் போச்சுன்னு ஒருத்தன் சொன்னான், நிறுத்தினேன். டானிக் அடிச்சேன். சாணியக் கரைச்சு ஊத்தினேன். தண்ணிய நிறுத்தி வாட விட்டுப் பாத்தேன், வாடுச்சே ஒழிய பூக்கல. பூசாரியக் கூட்டியாந்து நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டேன். கடைசியில எனக்கு விசயம் புரிஞ்சுபோச்சு. இந்த ஜெயக்கொடி நமக்கு ஆண் செடியாக் கொடுத்துட்டான். பப்பாளியில இருக்குல்ல ஆண் மரம், அந்த மாதிரி.

போயி அவனைச் சட்டையப் பிடிச்சு இழுக்காத கொறையா காட்டுக்குக் கூட்டியாந்தேன். வந்தவன் என்ன பண்ணான் தெரியுமா? செடியப் பாருடான்னா, அண்ணாந்து கம்பத்தைப் பாக்குறான்! செடி கீழ இருக்கு, இவன் மேல பாக்குறான். ‘மாமா, இது எப்பருந்து எரியுது’ங்கிறான். ‘ஏன்டா, பேச்சை மாத்துறியா? லைட்டு என் உழைப்புடா, உன் நாத்துக்குப் பதில் சொல்லு’ன்னேன். ‘செவ்வந்தியில ஆணு பொண்ணெல்லாம் கெடையாது மாமா, அத்தைகிட்டக் கேளுங்க, அத்தைக்குத் தெரியும்’னுட்டுப் போயிட்டான். திமிரைப் பாத்தீங்களா?

அவன் சொல்லிட்டுப் போனதுல இருந்துதான் வீட்டுல வெனை. மாயக்கா என்னை மோட்டார் ரூமுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. அங்க ஒரு பத்துப் பன்னெண்டு செடி பூத்து நிக்குது சார்! மஞ்ச மஞ்சேர்னு. அதே நாத்து, அதே தண்ணி, அதே மண்ணு. ‘இது மட்டும் எப்படிப் பூத்துச்சு சொல்லுங்க’ன்னா. நான் சொன்னேன், ‘இது ரோட்டுல போறவன் கண்ணுல படல, மோட்டார் ரூம் மறைச்சிருச்சு, அதான் கண்ணேறு விழல’ன்னு. நியாயமான பதில்தான? அவ என்னை ஒரு பார்வை பாத்தா. ‘மறைச்சது ரோட்டை இல்லீங்க, உங்க லைட்டை’ன்னா.

கேளுங்க அவ சொன்ன கதைய. செவ்வந்திக்கு வெயிலு மட்டும் போதாதாம், ராத்திரியும் வேணுமாம். புரட்டாசிக்கு மேல பகல் சுருங்கி ராத்திரி நீளுதுல்ல, அந்த நீள ராத்திரியக் கணக்கு வச்சுத்தான் மொட்டு விடுமாம். ‘நீங்க அதுக்கு ராத்திரியே இல்லாம ஆக்கிட்டீங்க, அது இன்னும் சித்திரை மாசம்னு நெனச்சு வளந்துக்கிட்டு இருக்கு’ன்னா. செடி மாசம் பாக்குமா சார்? செடி என்ன காலண்டரா மாட்டி வச்சிருக்கு? நான் சிரிச்சுட்டேன். சத்தம் போட்டுச் சிரிச்சேன். இருபத்தாறு வருசமா செவ்வந்தி வைக்கிறவ சொல்றா, நான் சிரிச்சேன்.

‘மூணு மாசத்துக்கு லைட்டை அணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க’ன்னா. எப்படிச் சார் கொடுப்பேன்? ஆறரை வருசம் வேணும் வேணும்னு எழுதுன கை. அதே கையால வேணாம்னு எழுதினா இங்க இருக்கிறவன் என்ன சொல்லுவான்? கைகொட்டிச் சிரிக்க மாட்டான்? லைன்மேன்கிட்ட அவளே போயி கேட்டிருக்கா. சுவிட்சுப் பெட்டி பூட்டியிருக்கு, மனு இல்லாமத் தொட முடியாதுன்னுட்டாரு. ‘மனுவெல்லாம் உங்க வீட்டுக்காரர்தானம்மா எழுதுவாரு’ன்னு வேற சொல்லியிருக்காரு.

அப்புறந்தான் அவ அந்தக் கூத்தை ஆரம்பிச்சா. உரச்சாக்கு, பழைய சேலை, கறுப்புத் தார்ப்பாயி, எல்லாத்தையும் சேத்துத் தச்சு, ரெண்டு வரிசைக்கு மட்டும் குச்சி நட்டு மூடுனா. பொழுது சாயறப்போ மூடுவா, விடிஞ்சா எடுப்பா. அந்தக் காலை இழுத்துக்கிட்டு, தினமும். பதினெட்டு நாள். நான் கண்டுக்கல. எதுக்குப் பேச்சுன்னு விட்டுட்டேன்.

அந்தப் பதினெட்டாம் நாளு பக்கத்து ஊருல இருந்து ஒரு அஞ்சாறு பேரு வந்தாங்க. அவங்க ஊருக்கும் லைட்டு வேணுமாம், எப்படி மனு எழுதறதுன்னு என்கிட்டக் கேட்டுப் போக வந்திருக்காங்க. எனக்கு எப்படி இருக்கும்? கூட்டிட்டுப் போயி கம்பத்தைக் காட்டுறேன், போர்டைக் காட்டுறேன். பொழுது சாயற நேரம், லைட்டு குப்புன்னு எரியுது. அதுக்கு நேரா கீழ இவ சேலையப் போட்டு மூடிக்கிட்டு இருக்கா. வந்ததுல ஒருத்தன் கேட்டான், ‘என்னண்ணே, ஊருக்கு வெளிச்சம் கொண்டாந்தீங்க, உங்க வீட்டுல முக்காடு போடுறாங்க?’ எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

நான் போயி உருவிட்டேன் சார். எல்லாத்தையும். சர்ருன்னு ஒரு சேலை குச்சியில மாட்டிக் கிழிஞ்சுருச்சு. பச்சையில கட்டம் போட்டது. அவ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தன்னிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. நல்ல சேலையவா சாக்கோட தச்சேன்னு அதுக்கும் நான்தான் கத்துனேன்.

அவ கத்தல. அதான் எனக்கு ஆகல. சண்டை போட்டிருந்தா விட்டிருப்பேன். கிழிஞ்சதை மடிச்சா, சாக்கை மடிச்சா, வீட்டுக்குப் போயி பையை எடுத்தா. ‘எங்கடி போற’ன்னேன். ‘தம்பி வீட்டுக்கு’ன்னா. ‘யாருக்காகடி அந்த லைட்டு, உனக்காகத்தானடி நாய் மாதிரி அலைஞ்சேன்’னேன். அவ படியில நின்னா. நின்னு சொன்னா: ‘நான் லைட்டு கேக்கலையே. டார்ச்சுதான கேட்டேன். அதை நீங்க வாங்கவே இல்ல. மூணாவது வருசம் பூக்காசுல நானே வாங்கிக்கிட்டேன். அது உங்களுக்குத் தெரியவே தெரியாதுல்ல?’

தெரியாது சார். எனக்குத் தெரியாது. என் வீட்டு ஆணியில நாலு வருசமாத் தொங்கியிருக்கு, நான் பாக்கல. ‘அந்த லைட்டு அணைஞ்சா வர்றேன்’னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டா. போறப்போ அந்த டார்ச்சையும் எடுத்துட்டுப் போயிட்டா. இன்னிக்கோட பதினோரு நாளாச்சு. என் வீட்டுக்கு விளக்கு வச்சவளை என் கம்பமே வெரட்டிவிட்ட மாதிரி ஆகிப்போச்சு. அதுக்கெல்லாம் காரணம் யாரு? ஜெயக்கொடி. அவன் வந்து மேல பாக்காம இருந்திருந்தா இவ இவ்வளவு பேசியிருப்பாளா? அதான் இந்த மனு. ‘ஆண் செடி கொடுத்து ஏமாற்றியது தொடர்பாக.’ பாருங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்கேன்.

சொல்லுங்க சார், தப்பு யாரு மேல? என்னது? லைட்டுதான் காரணமாவா? நீங்களுமா? உங்களுக்கு என்ன செவ்வந்தியப் பத்தித் தெரியும், பட்டா மாத்த வந்தவரு? சும்மா எல்லாரும் அந்த லைட்டையே... ஏன் சார், வெளிச்சம் என்ன விசமா? வெளிச்சம் கெடுக்கும்னு எந்த ஊருலயாவது சொல்லுவாங்களா? நான் நல்லதுதான செஞ்சேன்? நல்லது செஞ்சவனை ஏன் சார் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?

எத்தனை கூப்பிட்டாங்க இப்ப? எழுபத்தொம்போதா?

கோவிச்சுக்காதீங்க. சத்தம் போட்டுட்டேன். ராத்திரியில தூக்கம் இல்ல சார். அந்த லைட்டு சன்னல் வழியா நேரா கட்டில்ல வந்து விழுது. அவ இருக்கிறப்போ சன்னல்ல ஒரு துணிய மாட்டியிருப்பா போல, அதையும் எடுத்துட்டுப் போயிட்டா.

இருங்க. இதைப் பாருங்க. மடியிலதான் வச்சிருக்கேன், பேப்பர்ல சுருட்டி. பொறுமையாப் பிரிங்க, உதுந்துரும். தெரியுதா? எலைக்கு நடுவுல, கொத்தமல்லி அளவு, பச்சையா உருண்டையா. மொட்டு சார். இன்னிக்குக் காலையில பஸ்ஸுக்கு வர்ற வழியில பாத்தேன். அவ மூடி வச்சாளே அந்த ரெண்டு வரிசை, அதுல மட்டும். குச்சி நட்ட எடத்துல ஆரம்பிச்சு, குச்சி முடியற எடத்தோட நிக்குது. அதுக்கு அங்கிட்டு ஒண்ணு கூட இல்ல. குனிஞ்சு ஒவ்வொரு செடியாப் பாத்தேன். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்.

இன்னும் அவகிட்டச் சொல்லல. போன் பண்ணினா எடுப்பா. எடுத்துட்டு ‘நான்தான் சொன்னேன்ல’ன்னு கேக்க மாட்டா, அதான் கஷ்டம். சும்மா ‘ம்’னுதான் சொல்லுவா. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் எதிர்க்க கடையில டார்ச் லைட்டு தொங்குச்சு. வாங்கிட்டேன். அவகிட்ட ஒண்ணு இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன். ஏன்னு கேக்காதீங்க.

தொண்ணூத்தி ஆறா? சார், ஒரு உதவி. உங்க எழுத்து அழகா இருக்கு. ஒரு வெள்ளைத் தாளு இருக்கா? எனக்காக ஒரு மனு எழுதித் தர முடியுமா? நான் எழுதலாம், ஆனா என் எழுத்தை இங்க எல்லாருக்கும் தெரியும்னு சொன்னேன்ல. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. இந்த ஜெயக்கொடி மனு கெடக்கட்டும், அதை நான் பையில வச்சுக்கிறேன்.

பொருள்: கல்லுமேட்டுப்பட்டி உயர்கோபுர மின்விளக்கை... ‘அணைக்க’ன்னு போடாதீங்க. ‘தை மாதம் முடிய இரவில் நிறுத்தி வைக்க’ன்னு போடுங்க. கோடு போடுங்க, இந்தாங்க ஸ்கேலு. மனுதாரர் பேரு மாயக்கா. கணவர் பேரு கேப்பாங்க, சின்னதாப் போடுங்க. ரெண்டாவது பத்தி, காரணம். அவ சொன்னதை அப்படியே எழுதுங்க, எனக்கு ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. செவ்வந்திக்கு ராத்திரி வேணும். நீள ராத்திரி இருந்தாத்தான் மொட்டு விடும். இந்த லைட்டால எங்க காட்டுக்கு ராத்திரியே இல்ல. எழுதிட்டீங்களா?

மூணாவது பத்தி. மூணாவது பத்தியிலதான்... ஒரு நிமிசம் சார். தூசி. மூணாவது பத்தியில என்ன போடுறது? ‘ஏழு வருசத்துக்கு முன்னாடி மனுதாரர் கேட்டது ஒரு டார்ச் லைட்டு மட்டும்தான்’னு போடுங்க. ஆமா, அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்.

நூத்தி ஒம்போதா? வேகமாப் போகுதே. சீக்கிரம், சீக்கிரம். கீழ ஒரே ஒரு வரி. ‘விளக்கை நிறுத்தினாலும் அதன் அடியில் உள்ள பெயர்ப் பலகையை மட்டும் அகற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.’ சிரிக்காதீங்க, எழுதுங்க. எழுதிட்டீங்களா? காட்டுங்க.

வேணாம் சார். அந்தக் கடைசி வரி வேணாம், அவ பேருல போற மனுவுல அது எதுக்கு? ஐயோ, அடிச்சிராதீங்க, அடிச்சிராதீங்க! அடித்தல் இருந்தா எடுக்க மாட்டாங்க. நூத்திப் பதினொண்ணு, கூப்பிட்டாச்சு. கொடுங்க, கொடுங்க. இருந்துட்டுப் போகட்டும்.